பாட்டு சாகவில்லை, அலைவரிசைதான் கைமாறியது: ராக் வானொலிகளின் ஆயுள் பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஆகஸ்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகரத்தில் டபிள்யூ.பி.சி.என். என்ற ராக் ஸ்டேஷன் எஃப்எம்மை விட்டுப் போனது. ராக் ஸ்டேஷனாக வயது 41. அதன் முதலாளியான சி.பி.எஸ். ரேடியோவுக்கு அந்த ஊரில் ஒரு விளையாட்டுப் பேச்சு ஸ்டேஷன் தொடங்க வேண்டியிருந்தது. அதற்கு அவர்கள் எடுத்துக்கொண்ட இடம் 98.5 அலைவரிசை. அங்கே ஏற்கெனவே அவர்களுடைய பாப் ஸ்டேஷன் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது, அதை 104.1க்கு நகர்த்தினார்கள். 104.1ல் இருந்தது டபிள்யூ.பி.சி.என். மியூசிக்கல் சேரில் கடைசியாக நின்ற பிள்ளை மாதிரி, உட்கார இடமில்லாமல் அது வெளியே போனது.

சென்னையில் இருந்துகொண்டு இதை நான் தோண்டுவதற்குக் காரணம் உண்டு. நம் ஊரில் ஏன் ஒரு ராக் எஃப்எம் நிலைக்கவில்லை என்று எங்கே கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "இங்க யாருங்க கேப்பா?" கேட்கிற ஆள் இருந்தால் ஸ்டேஷன் வாழும், இல்லாவிட்டால் செத்துப்போகும் என்பது அந்தப் பதிலுக்கு அடியில் இருக்கிற நம்பிக்கை. ஐம்பது வருஷம் தாண்டிய ஸ்டேஷன்களையும் பாதியில் போனவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்த நம்பிக்கை பாதிதான் தேறுகிறது. மீதிப் பாதி அலைவரிசை யார் கையில் இருக்கிறது, அதற்கு அவர் எவ்வளவு கட்டியிருக்கிறார், எந்தக் கடனில் இருக்கிறார் என்பதில் கிடக்கிறது.

எப்படிப் பிறந்தன

1960களில் அமெரிக்காவில் எஃப்எம் என்பது பல முதலாளிகள் சும்மா வைத்திருந்த சொத்து. ஏஎம்மில், அதாவது பழைய மீடியம் வேவில், ஓடுவதையே எஃப்எம்மிலும் ஓட்டிவிட்டுப் பேசாமல் இருப்பார்கள். எஃப்.சி.சி., அதாவது அவர்களுடைய ஒழுங்குமுறை ஆணையம், இதற்கு ஒரு கட்டுப்பாடு கொண்டுவந்தது: ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள ஊர்களில் எஃப்எம் நேரத்தில் பாதிக்கு மேல் ஏஎம் நிகழ்ச்சியை அப்படியே ஓட்டக் கூடாது. 1967 தொடக்கத்தில் இது நடைமுறைக்கு வந்தது. முதலாளிகளுக்கு நிரப்ப நேரம் நிறைய இருந்தது, செலவு செய்ய மனசு இல்லை. நீளமாக முடி வளர்த்த பையன்கள் குறைந்த சம்பளத்துக்கு வந்து, வீட்டில் இருந்து தங்கள் ரெக்கார்டுகளையே தூக்கிக்கொண்டு வந்து ஓட்டினால் யாருக்குக் கசக்கும்?

சான் பிரான்சிஸ்கோவில் டாம் டோனஹ்யூ என்ற டிஜே இடம் தேடிய கதை இன்றும் சொல்லப்படுகிறது. நொடித்துப்போன எஃப்எம் எதுவென்று ஒவ்வொன்றாகப் போன் போட்டுப் பார்த்தாராம், இணைப்பே துண்டிக்கப்பட்ட ஒரு நம்பர் மாட்டியதும் இதுதான் நம் இடம் என்று முடிவு செய்தாராம். அதுதான் கே.எம்.பி.எக்ஸ். அதுவரை வேற்றுமொழி நிகழ்ச்சிக்காரர்களுக்கு நேரத்தை விற்றுப் பிழைத்துக்கொண்டிருந்த ஸ்டேஷன். 1967 ஏப்ரலில் அங்கே முழு ஆல்பங்களும் நீளப் பாட்டுகளும், டிஜே விரும்பிய வரிசையில், ஓட ஆரம்பித்தன. ஒரு வருஷத்துக்குள் ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்து, மொத்தக் குழுவும் கே.எஸ்.ஏ.என். என்ற வேறு ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. அதுவும் 1980 நவம்பரில் அமெரிக்க நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசைக்கு மாறியது. வழியைத் திறந்துவிட்டவர்களே பதினாலு வருஷம்கூட முழுசாகத் தாண்டவில்லை.

தாண்டியது: செயிண்ட் லூயிஸின் பன்றி

மிசௌரி மாநிலத்துச் செயிண்ட் லூயிஸில் கே.எஸ்.ஹெச்.ஈ. என்று ஒரு ஸ்டேஷன். ஊர்க்காரர்கள் 'கே-ஷீ' என்றுதான் சொல்வார்கள். அலைவரிசை 94.7, விளம்பரத்தில் 95. 1961ல் புறநகரான கிரெஸ்ட்வுட்டில் ஒரு வீட்டின் அடித்தளத்தில், மேற்கத்தியச் செவ்வியல் இசைக்காகத் தொடங்கியது. 1967 நவம்பரில் ராக்குக்கு மாறியது, அப்புறம் மாறவே இல்லை. 2017ல் ராக் ஸ்டேஷனாக அரை நூற்றாண்டைத் தாண்டிவிட்டது. ஹெட்ஃபோனும் கறுப்புக் கண்ணாடியும் போட்ட ஒரு பன்றிதான் சின்னம். அதை டீ-ஷர்ட்டில் போட்டுக்கொண்டு தாத்தாவும் பேரனும் திரிகிற ஊர் அது.

இது ஏன் தாங்கியது என்று பார்த்தால் முதலில் கண்ணில் படுவது அதற்கென்று இருந்த தனிப் பாட்டுப்பட்டியல். நாடு முழுக்க ஹிட்டான பாட்டுகளைப் போட்டதோடு நிற்காமல், செயிண்ட் லூயிஸில் மட்டும் ஹிட் என்று சொல்லத்தக்க பாட்டுகளை அது உருவாக்கியது. பக்கத்து இல்லினாய் மாநிலத்து ஹெட் ஈஸ்ட் குழு ஒரு ஆல்பத்தைத் தன் கைக்காசில் வெளியிட்டது. கே-ஷீ அதைப் போட்டுப் போட்டு ஊரைப் பழக்கியது, பிறகு 1975ல் ஏ அண்ட் எம் என்ற பெரிய கம்பெனியே அந்த ஆல்பத்தை எடுத்து வெளியிட்டது. மற்ற ஊர்களில் பாதிப் பேருக்குத் தெரியாத பாட்டுக்கு இந்த ஊரில் அரங்கமே சேர்ந்து பாடும். இப்படிப்பட்ட பட்டியலை நியூயார்க்கில் உட்கார்ந்திருக்கும் ஒரு ஆலோசகரால் எழுதித் தர முடியாது, அதனாலேயே அதை வெளியில் இருந்து வந்து யாரும் எளிதில் தூக்கி எறியவும் முடியவில்லை என்பது என் கணிப்பு.

இரண்டாவது ஆட்கள். ஜான் யூலெட் 1976ல் அங்கே சேர்ந்தார், பல பத்தாண்டுகள் அதே மைக்தான். அவரே அந்த ஊர் பேஸ்பால் அணியான கார்டினல்ஸின் மைதானத்தில் ஒலிபெருக்கி அறிவிப்பாளரும்கூட. ஒரு குரலை ரேடியோவிலும் கேட்டு, சாயந்திரம் ஸ்டேடியத்திலும் கேட்டு வளர்ந்த ஊரில் அந்த ஸ்டேஷனை மூடுவது ஏதோ தெருப் பெயரை மாற்றுவது போலத்தான் ஆகும், வியாபார லாபம் இருந்தாலும் கை நடுங்கும்.

மூன்றாவதைப் பற்றி ரசிகர்கள் பேசுவதில்லை, எனக்கு அதுதான் முக்கியம். 1984ல் எம்மிஸ் என்ற நிறுவனம் அதை வாங்கியது. 34 வருஷம் வைத்திருந்தது. 2018ல் விற்றபோது வாங்கியது ஹப்பர்ட் என்ற குடும்ப நிறுவனம். வாங்கியவர் ராக்கைத் தொடர்ந்தார். அரை நூற்றாண்டில் சொத்து கைமாறிய தடவைகளை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம்.

அமெரிக்காவில் லைசென்ஸ் 8 வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. பெரிய புகார் இல்லை என்றால் புதுப்பித்தல் ஒரு சடங்குதான், மறுபடியும் ஏலம் கிடையாது. அடித்தளத்தில் தொடங்கியவனுக்குக் கிடைத்த அலைவரிசை, அவன் விற்கும்வரை அவனுடையது. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர்க் கதைக்கு வரும்போது வேண்டும்.

தாண்டாதவை

1996ல் அமெரிக்காவில் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. ஒரு நிறுவனம் நாடு முழுக்க எத்தனை ஸ்டேஷன் வைத்திருக்கலாம் என்ற உச்சவரம்பை அது எடுத்துவிட்டது. கிளியர் சேனல் நிறுவனம் வாங்கிக் குவித்ததில் ஒரு கட்டத்தில் ஆயிரத்து இருநூறுக்கு மேல் ஸ்டேஷன்கள் அதன் கையில் இருந்தன. பின்னால் ஐஹார்ட் என்று பெயர் மாற்றிக்கொண்ட அதே நிறுவனம் 2018 மார்ச்சில் சுமார் 20 பில்லியன் டாலர் கடனோடு திவால் பாதுகாப்பு கேட்டது. அதற்குச் சில மாதம் முன்பு, 2017 நவம்பரில், அடுத்த பெரிய நிறுவனமான கியூமுலஸும் அதே வாசலில் நின்றது. வட்டி கட்ட வேண்டியவன் முதலில் கை வைப்பது ராத்திரி டிஜே சம்பளத்தில். ஒரே ஆள் ஒரு ஸ்டுடியோவில் உட்கார்ந்து ஐந்து ஊர்களுக்கு முன்கூட்டியே குரல் பதிவு செய்து அனுப்புவார், அந்த ஊர் மழையும் தெரியாது, மேட்ச்சும் தெரியாது. கே-ஷீயைக் காப்பாற்றிய இரண்டாவது விஷயம் இங்கே போய்விடுகிறது.

பாஸ்டனிலேயே இன்னொரு ராக் ஸ்டேஷன், டபிள்யூ.ஏ.ஏ.எஃப். 2020 பிப்ரவரியில் என்டர்காம் நிறுவனம் அதை ஒரு கிறிஸ்தவ ஒலிபரப்பு அமைப்புக்கு விற்றது, விலை 1 கோடியே 7.5 லட்சம் டாலர். நியூயார்க்கின் டபிள்யூ.என்.இ.டபிள்யூ. எஃப்எம், 1967ல் ராக்குக்கு வந்த பெரிய பெயர், 1999ல் பேச்சு ஸ்டேஷன் ஆனது. இவற்றில் எதிலும் ராக்குக்கு ஆளில்லாமல் போய்விட்டது என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. விளம்பர ஏஜென்சிகள் 25 முதல் 54 வயது வரைதான் பார்ப்பார்கள் என்பதும் ஒரு காரணம். ரசிகர் 55 ஆகிறார், கேட்பதை நிறுத்தவில்லை, ஆனால் கணக்கில் இருந்து மறைந்துவிடுகிறார். அதனால்தான் கிளாசிக் ராக் ஸ்டேஷன்கள் 60களின் பாட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிவிட்டு 90களை ஏற்றிக்கொண்டே போகின்றன.

இதற்கு நேரெதிராக ஒரு உதாரணம் பிரிட்டனில் உண்டு. பிளானெட் ராக், டிஜிட்டல் வானொலியில் 1999 முதல் ஓடியது. 2008ல் முதலாளி நிறுவனம் மூடப் போவதாக அறிவித்தது. மால்கம் ப்ளூமெல் என்ற ராக் பித்துப் பிடித்த தொழிலதிபர் உள்ளே வந்து வாங்கிக் காப்பாற்றினார், 2013ல் பாவர் குழுமத்துக்கு விற்றார். அதே பாட்டு, அதே கேட்பவர்கள்தான். கையெழுத்துப் போட்டவர் மட்டும் வேறு.

இப்போது மெட்ராஸ்

நம் ஊருக்கு ரேடியோ ஆயுள் பற்றிப் பேச மிகப் பழைய உரிமை இருக்கிறது. 1924 மே மாதம் சி.வி. கிருஷ்ணசாமி செட்டி முன்னின்று மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப்பைத் தொடங்கினார், ஜூலை 31 முதல் ஒலிபரப்பு. ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர், சந்தாவும் நன்கொடையும். 1927ல் பணம் இல்லாமல் நின்றது. டிரான்ஸ்மிட்டரை மெட்ராஸ் மாநகராட்சியிடம் கொடுத்துவிட்டார்கள், மாநகராட்சி 1930ல் இருந்து ஒலிபரப்பியது. 1938 ஜூனில் ஆல் இந்தியா ரேடியோ வந்துவிட்டது. ரசிகர்கள் சேர்ந்து நடத்திய ஸ்டேஷனின் ஆயுள் மூன்று வருஷம், முனிசிபாலிட்டி நடத்தியது எட்டு வருஷம், அரசாங்கம் நடத்துவது இன்னும் ஓடுகிறது. யார் செலவை ஏற்கிறார்கள் என்பதைப் பாருங்கள்.

இந்தியாவின் முதல் எஃப்எம் ஒலிபரப்பும் இங்கேதான், 1977 ஜூலை 23. பெருமைப்படலாம், ஆனால் அதை வைத்து நாம் ராக் கேட்டுவிடவில்லை. ஆல் இந்தியா ரேடியோவில் மேற்கத்திய இசைக்கு என்று நேரம் ஒதுக்கியிருந்தார்கள், அவ்வளவுதான். 1950களில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சர் கேஸ்கர் சினிமாப் பாட்டையே வானொலியில் இருந்து துரத்தியபோது தமிழ்நாடு இலங்கை வானொலிக்குப் போனது தெரிந்த கதை. ஆங்கிலப் பாட்டு தேடியவர்களும் அதே ரேடியோ முள்ளைத்தான் கொழும்புப் பக்கம் திருப்பினார்கள். கோடையில் கடல் மேல் நிற்கும் காற்றடுக்கின் தயவால் இலங்கை எஃப்எம்கள் இன்றும் சில ராத்திரிகளில் பெசன்ட் நகர் மொட்டைமாடிக்கு வந்துவிட்டுப் போகும், அது வேறு விஷயம்.

தனியார் எஃப்எம் வந்த விதம்தான் நம் வழக்கின் மையம். முதல் கட்டத்தில், 2000ஐ ஒட்டி, அரசு அலைவரிசைகளை ஏலம் விட்டது. ஏலத்தொகையை வருஷா வருஷம் கட்ட வேண்டும், அதுவும் ஆண்டுக்கு 15 சதவீதம் ஏறிக்கொண்டே போகும். வருமானம் ஏறுகிறதோ இல்லையோ, கட்டணம் ஏறும். இந்தியா முழுக்க 108 அலைவரிசைகளுக்கு அழைப்பு விட்டு, கடைசியில் ஓடியது இருபது சொச்சம். சென்னையில் 2003ல் சூரியனும் மிர்ச்சியும் வந்தன. 2005ல் இரண்டாம் கட்டம்: ஒருமுறை நுழைவுக் கட்டணத்தை ஏலத்தில் மொத்தமாகக் கட்டிவிட்டு, பத்து வருஷ அனுமதி, வருமானத்தில் 4 சதவீதம் அரசுக்கு. இது எவ்வளவோ மேல். ஆனாலும் கடை திறப்பதற்கு முன்பே பல கோடி கல்லாவில் இருந்து போய்விடுகிறது, அது பத்து வருஷத்துக்குள் திரும்பி வந்தாக வேண்டும். செயிண்ட் லூயிஸ் அடித்தளத்தில் செவ்வியல் இசை போட்டு, சரிப்படவில்லை என்றதும் ராக்குக்கு மாறிப் பார்த்தார்களே, அந்தப் பொறுமைக்கு இங்கே நேரமே இல்லை.

டயலைத் திருப்பினால் நம் ஊரில் 91.1, 91.9, 92.7, 93.5, 94.3 என்று வரிசையாக 0.8 இடைவெளியில் நிற்கும். ஒன்றோடொன்று உரசாமல் இருக்க அந்த இடைவெளி. அதனால் அலைவரிசைகள் சொற்பம், சொற்பமானதால் விலை அதிகம், விலை அதிகம் என்பதால் எடுத்தவர் யாரும் கூட்டம் குறைந்த பக்கம் போக மாட்டார்.

விளம்பரம் விற்பது பத்து வினாடிக் கணக்கில். தி.நகரில் ஒரு ஜவுளிக்கடை முதலாளியின் முன் உட்கார்ந்திருக்கும் விற்பனைப் பையனை நினைத்துப் பாருங்கள். "எங்களைக் கேட்பவர்கள் குறைவு சார், ஆனால் நல்லா செலவு பண்றவங்க" என்று அவன் சொல்ல வேண்டும். முதலாளி கேட்பார்: "அத எதுல காட்டுவ?" காட்ட எதுவும் இல்லை. 2007ல் தொடங்கிய ரேடியோ கேட்போர் அளவீடு டெல்லி, மும்பை, பெங்களூரு, கொல்கத்தாவைத்தான் அளந்தது. சென்னை அதில் இல்லை. பெரிய ஸ்டேஷனுக்கு இதனால் நஷ்டமில்லை, டீக்கடையில் நின்றாலே அதன் பாட்டு கேட்கும், முதலாளியின் டிரைவரே சாட்சி. சின்னக் கூட்டத்தை வைத்துப் பிழைக்க வேண்டியவனுக்குத்தான் எண் தேவை, அவனுக்குத்தான் அது கிடைக்கவில்லை. "யாரு கேப்பா" என்ற கேள்விக்குச் சென்னையில் பதில் இல்லாமல் போனதற்கு ரசனையைவிட இது பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ஜனவரியில் ஐ.ஐ.டி.யின் சாரங் திருவிழாவில் ராக் ராத்திரிக்கு அந்தத் திறந்தவெளி அரங்கத்தில் நிற்க இடம் தேடியவர்களுக்கு, 'கேட்க ஆளே இல்லை' என்ற வாதம் சிரிப்பாகத்தான் இருக்கும்.

ராயல்டி இன்னொரு தலைவலி. பாட்டு ஓடிய மணிக்கணக்குக்கு ஒரு தட்டையான கட்டணம் என்று இசை நிறுவனங்களின் அமைப்பு வசூலித்துக்கொண்டிருந்தது. 2010 ஆகஸ்டில் காப்புரிமை வாரியம் அதை நிகர விளம்பர வருமானத்தில் 2 சதவீதம் என்று மாற்றியது. அதற்கு முந்தைய வருஷங்களில் வருமானம் குறைந்த ஸ்டேஷனுக்கும் பாட்டுக்கு அதே விலைதான்.

இந்த நிலைமையில் யாரும் முயலவே இல்லை என்று சொல்ல முடியாது. சென்னை லைவ் 104.8 பேச்சையும் மேற்கத்தியப் பாட்டையும் வைத்து நடந்தது, ஆனால் அதை முழுநேர ராக் ஸ்டேஷன் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். பெங்களூருவில் 2006ல் வந்த இண்டிகோ 91.9 பன்னாட்டு இசையிலேயே நின்று காட்டியது. மும்பையில் 2002ல் ஆங்கிலச் சாயலோடு வந்த கோ 92.5 சில வருஷத்தில் ரேடியோ ஒன் ஆகி இந்திப் பக்கம் போனது. பெங்களூருவில் முடிந்ததற்கு வெளியூர் மக்கள், பப் கலாச்சாரம் என்று காரணம் சொல்வார்கள், அதில் உண்மை இருக்கிறது. அங்கே அளவீடு இருந்தது என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

நம்மிடம் இருக்கிற கிளாசிக் ராக்

ராத்திரி பதினோரு மணிக்கு எழும்பூரில் ஆட்டோ பிடித்து வேளச்சேரி போனால் கையருகே ஒட்ட வைத்த செட்டில் 80களின் இளையராஜாதான் ஓடும். கிண்டி சிக்னலில் நிற்கும்போது முன்னிசை ஆரம்பித்தால் டிரைவர் சத்தத்தை ஒரு திருகு ஏற்றுவார், நடுவில் நகைக்கடை விளம்பரம் வந்தாலும் ஸ்டேஷனை மாற்ற மாட்டார், அடுத்து வரப்போவது என்னவென்று அவருக்குத் தெரியும். எந்த எஃப்எம்மாக இருந்தாலும் ராத்திரியில் இதே ஏற்பாடுதான். பதினாலு, பதினைந்து வயதில் காதில் விழுந்த பாட்டை ஐம்பது வயதில் இலவசமாகத் திரும்பக் கொடு, கூட ஒரு பழகிய குரலையும் கொடு. கே-ஷீ செய்வது அச்சாக இதுதான், கிடாருக்கும் வயலினுக்கும்தான் வித்தியாசம்.

அதனால் சென்னைக்குப் பழைய பாட்டு ஸ்டேஷனின் பொருளாதாரம் புரியாது என்று சொல்லாதீர்கள். நம் ஸ்டேஷன்கள் பகலில் புதுப் பாட்டில் அடித்துக்கொண்டு, ராத்திரியில் ராஜாவின் மடியில் போய்ப் படுத்துக்கொள்கின்றன. அந்த நேரத்தில் கை வைக்க எந்த நிகழ்ச்சிப் பொறுப்பாளருக்கும் துணிச்சல் வராது. ராக்குக்கு அப்படி ஒரு தலைமுறை இங்கே ரேடியோ வழியாக உருவாகவில்லை, ஸ்பென்சர் பிளாசா கேசட்டிலும் பிறகு டவுன்லோடிலும் உருவானது. தனித்தனி அறைகளில் கேட்டு வளர்ந்தவர்கள். ஒரே குரலை ஊரே சேர்ந்து கேட்ட பழக்கம் அவர்களுக்கு இல்லை, அந்தக் குறையைச் செயலிகளால் ஈடுகட்ட முடியாது.

2030

இரண்டாம் கட்டத்துக்கு அடுத்து வந்த மூன்றாம் கட்ட விதிகளுக்கு மாறிய பழைய ஸ்டேஷன்களின் 15 வருஷ அனுமதி 2015 ஏப்ரல் 1ல் இருந்து ஓடுகிறது. 2030 மார்ச் 31ல் முடியும். அடுத்த விதிகளை எழுதும்போது ஒவ்வொரு பெருநகரத்திலும் ஒரே ஒரு அலைவரிசையை நுழைவுக் கட்டணமே இல்லாமல், வருமானப் பங்கு மட்டும் வாங்கிக்கொண்டு, சினிமாப் பாட்டு அல்லாத இசைக்கு என்று விட்டால் என்ன குறைந்துவிடும்? ராக் மட்டும் வேண்டாம், கானாவும் கர்நாடகமும் சுயாதீனத் தமிழ்ப் பாடகர்களும் அதில் நேரம் பிரித்துக்கொள்ளட்டும். கூடவே சென்னையிலும் கேட்போர் அளவீடு வேண்டும், அது இல்லாமல் அந்த ஸ்டேஷனும் தி.நகர் முதலாளியிடம் அதே பதிலைத்தான் வாங்கும்.

அதுவரை காத்திருக்க வேண்டாம் என்பவர்களுக்குக் கல்லூரி சமுதாய வானொலிகள் இருக்கின்றன. அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்எம் 90.4, 2004 பிப்ரவரியில் நாட்டின் முதல் வளாக சமுதாய வானொலியாகத் தொடங்கியது. எம்.ஓ.பி. வைஷ்ணவ் கல்லூரிக்கு 107.8 இருக்கிறது. சமுதாய வானொலி முழுநேரப் பாட்டுக்கடை ஆக முடியாது, நிகழ்ச்சியில் பாதியாவது உள்ளூரில் தயாரானதாக இருக்க வேண்டும். உள்ளூர் ராக் குழுக்களைக் கூப்பிட்டு ஸ்டுடியோவில் வாசிக்க வைத்தால் அந்த நிபந்தனையே உதவிக்கு வரும். வீச்சு சில கிலோமீட்டர்தான், ஆனால் அடையாறு, கோட்டூர்புரம், கிண்டி, சைதாப்பேட்டை அதற்குள் அடங்கும். வாரத்துக்கு ஒரு சனிக்கிழமை ராத்திரி, ஒரு மணி நேரம், ஒரே ஆள் பேச வேண்டும், அந்த ஆளை இரண்டு செமஸ்டருக்கு ஒருமுறை மாற்றக் கூடாது.